மாருதம் என்ற நாட்டோடு திருகோணமலையில்

வெள்ளி, உப்புவெளி

எங்களோடு திருகோணமலைக்கு ஒரு நாடும் வந்திருக்கிறது. பெயர் மாருதம். அக்காவின் மகள் போன தவணை முழுக்கப் படிக்கிறேன் என்று சொல்லி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உருவாக்கிய நாடு. ஏ4 தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கலர்ப் பென்சிலால் தீட்டி, சுருட்டித் தோள்பையில் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறாள். அந்த நாட்டில் நடக்கப்போகிற கதையை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. கப்பற்கொள்ளைக்காரி ஒருத்தி வருகிறாள் என்பது வரைக்கும் வீட்டில் கசிந்திருக்கிறது.

நல்லூர்த் திருவிழா நேரத்தில் ஊரை விட்டு வெளிக்கிடுகிறோம் என்று அம்மாவிடம் நல்ல ஏச்சு. என்ன செய்வது, பள்ளிக்கூடம் விடுவது ஓகஸ்டில்தானே. புவியியல் படிப்பிக்கிற எனக்கும் அப்போதுதான் ஓய்வு. யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வந்தோம். வவுனியாவில்தான் சேர்ந்தாற்போல் இரண்டு இருக்கைகள் கிடைத்தன. உட்கார்ந்ததும் சுருள் விரிந்தது.

மேற்கே மலைத்தொடர். வடக்கே பாலைவனம், அதை ஒட்டித் தெற்கே அடர்ந்த காடு. கிழக்கே கடல், கடலோரத்தில் வட்டமாக ஒரு துறைமுகம், துறைமுகத்தில் தலைநகர். தாளின் ஓரத்தில் 24 பாகை வடக்கு, 31 பாகை வடக்கு என்று குறித்திருந்தாள். கடகக் கோட்டுக்கு மேலே, உப அயன வலயம். ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தாய் என்றால், தோடம்பழத் தோட்டமும் வேண்டுமாம், மார்கழியில் சுவெட்டர் போடுகிற குளிரும் வேண்டுமாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நியாயமான ஆசைதான்.

"பாலைவனமும் காடும் பக்கத்தில பக்கத்தில இருக்கேலாதோ, சின்னம்மா?"

தாராளமாக இருக்கலாம். மத்திய கோட்டுப் பக்கம் சூடாகி மேலே போகிற காற்று ஏறத்தாழ 30 பாகையில் திரும்பக் கீழே இறங்குகிறது. இறங்குகிற காற்று சூடேறும், முகில் கட்டாது. சகாராவும் அராபியப் பாலைவனமும் தார்ப் பாலைவனமும் அந்த வலயத்தில் வரிசையாகக் கிடப்பதற்கு அது பெரிய காரணம். ஆனால் அதே வலயத்தில்தான் சிரபுஞ்சியும் இருக்கிறது. 25 பாகையில் இருக்கிற சிரபுஞ்சியில் வருடத்துக்கு 11,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. 27 பாகையில் இருக்கிற ஜெய்சால்மரில் சுமார் 200 மில்லிமீற்றர். வங்காள விரிகுடாவின் ஈரக்காற்று மேகாலய மேட்டில் முட்டி மேலே ஏறுகிறது, அங்கே கொட்டுகிறது. ஜெய்சால்மருக்குப் போய்ச் சேரும்போது அதில் சாரம் இல்லை. ஆகவே நாடு எந்தப் பாகையில் இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். காற்று எந்தக் கடலைத் தாண்டி வருகிறது, வந்து எதில் முட்டுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இதை விளங்கப்படுத்தப் புத்தகம் தேவைப்படவில்லை. ஹொரவப்பொத்தானைக்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலே போதும். குளங்களில் பாதிக்கு வெடித்த சேறு, மாடுகள் நடுக்குளத்தில் மேய்கின்றன. இதே நேரம் நாட்டின் மேற்குப் பக்கத்தில் தென்மேல் காற்று மலைச் சரிவை நனைத்துக்கொண்டிருக்கும். மழையை அங்கே இறக்கிவிட்டு, மலை தாண்டி இந்தப் பக்கம் வரும்போது அது காய்ந்த கச்சான் காற்று. பஸ்ஸுக்குள் அது முகத்தில் அடித்த விதத்தில் பிள்ளைக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. திருகோணமலைக்கு மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும், வாடைக் காற்றோடு.

மாருதத்துக்கு மலை மேற்கே, கடல் கிழக்கே. அப்படியென்றால் காடு மலையின் கிழக்குச் சரிவில் இருக்க வேண்டும், பாலைவனம் மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். அழிரப்பரை எடுத்தாள். மஞ்சள் முழுவதும் அழிந்து முடிவதற்குள் திருகோணமலை பஸ் நிலையம் வந்துவிட்டது.

உப்புவெளியில் அறை எடுத்திருக்கிறோம். மின்விசிறி இருக்கிறது, தண்ணீர் வருகிறது. இரவுக்குக் கொத்து ரொட்டி.

சனி, சுவாமி மலை

வெயில் ஏறமுதல் சுவாமி மலை உச்சியில் இருக்கிற கோணேசர் கோயிலுக்குப் போய்விட வேண்டும் என்று விடியவே வெளிக்கிட்டோம். கோயிலுக்குப் பாதை பிரெடரிக் கோட்டைக்கு உள்ளால் போகிறது. உள்ளே இராணுவ முகாம், வழியெல்லாம் புள்ளிமான்கள். மான்கள் ஆட்களைக் கண்டு ஓடுவதில்லை. வாழைப்பழத் தோலுக்காகப் பின்னாலேயே வருகின்றன.

கோட்டை வாயிலில் கொஞ்சம் நிற்க வேண்டும். எல்லோரும் ஓட்டோவில் அப்படியே உள்ளே போய்விடுகிறார்கள். வாயில் கற்சுவரில் இரட்டைக் கயல் பொறித்த கல் இருக்கிறது, பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்து. குளக்கோட்டன் என்ற பழைய அரசன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்லும் கல்வெட்டு என்பது ஊர் வழக்கு. பிள்ளை விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். மீனின் முதுகுச் செதுக்கல் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது, எழுத்துகளில் பாதி தட்டுப்படவில்லை. கல்வெட்டு முன்கூட்டிச் சொன்னதோ இல்லையோ, நடந்தது அதுதான். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தினு டி சா கோயிலை இடித்தான். இடித்த கல்லை வைத்தே 1624ல் கோட்டை எழும்பியது. பிரெடரிக் என்ற பெயர் ஆங்கிலேயர் காலத்தில் 1803ல் வந்தது.

மேலே, கோயிலுக்குப் பக்கத்தில் இராவணன் வெட்டு. பாறை பிளந்து நேரே கீழே இறங்குகிறது, நூறு மீற்றர் அளவில் கடல். விளிம்பிலே ஒரு மரம், அதில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள். கீழே தண்ணீர் கரையோரத்தில் பச்சையாக இல்லை. பாறை முடிகிற இடத்திலேயே கருநீலம். அந்தத் தண்ணீருக்குள் 1956ல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடி, பழைய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கிடப்பதைப் பார்த்தார்கள்.

சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் கோணமாமலையைப் பாடியது இராமேசுவரத்தில் நின்றுதான் என்பது மரபு. கண்ணால் காணாமல் கடல் கடந்து பாடியிருக்கிறார், அலை முத்துக் கொழிப்பதுவரை பாட்டில் இருக்கிறது. அலெக்சாந்திரியாவில் இருந்துகொண்டு 2ஆம் நூற்றாண்டில் தப்ரபேன் என்று இலங்கையைக் குறித்த தொலமியும் இங்கே வந்தவர் இல்லை. அவர் கணக்கில் இலங்கை உண்மையான அளவைவிடப் பல மடங்கு பெரியது, தெற்குப் பாகம் மத்திய கோட்டையும் தாண்டிக் கிடக்கிறது. இதைச் சொன்னதும் என்னுடைய ஆளுக்கு ஒரே குஷி. தன் நாட்டுக்கும் அளவுத்திட்டம் போடத் தேவையில்லையாம். அது வேறு கதை, அளவுத்திட்டம் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

மதியம் உள்துறைமுகப் பக்கமாக நடந்தோம். 1782ஆம் ஆண்டைப் பற்றி இங்கே கொஞ்சம் எழுத வேண்டும். அந்த வருடத் தொடக்கத்தில் இந்தத் துறைமுகம் ஒல்லாந்தரிடம் இருந்தது. தை மாதத்தில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரென் அவர்களிடமிருந்து பிடித்தார். செப்ரெம்பர் 3ஆம் திகதி வெளியே கடலில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பெரிய சண்டை. பிறகு ஐரோப்பாவில் சமாதானம் பேசி, திரும்ப ஒல்லாந்தர் கைக்கே கொடுத்தார்கள். 1795ல் மறுபடி ஆங்கிலேயர், இந்த முறை நிரந்தரமாக. 1782 என்ற ஒரே வருடத்துக்குள் மட்டும் மூன்று கொடி.

"இவ்வளவு சண்டை பிடிக்க இஞ்ச என்ன இருந்தது? ஏலமோ? தங்கமோ?"

ஒன்றுமில்லை. கறுவா மேற்குக் கரையில். யானை இருந்தது, அதற்காக இரண்டு வல்லரசுகள் கடற்படை அனுப்பாது. காரணம் இங்கே இல்லை, எதிரே இருக்கிறது. சென்னைப் பட்டினத்தில் அந்தக் காலத்தில் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சாமானும் ஆட்களும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். சோழமண்டலக் கரை முழுவதும் இதே நிலைமை. ஐப்பசியில் வடகீழ்க் காற்றும் புயலும் தொடங்கினால் போர்க்கப்பலை அங்கே வைத்திருக்க முடியாது. ஒன்றில் பம்பாய்க்குச் சுற்றிப் போக வேண்டும், போய்த் திரும்புவதற்குள் எதிரி சென்னையைப் பிடித்துவிடுவான். இல்லையென்றால் எந்தக் காற்றுக்கும் ஆடாமல் நிற்கக்கூடிய இடம் பக்கத்தில் வேண்டும். வங்காள விரிகுடாவின் இந்தப் பக்கத்தில் அப்படி இருந்தது திருகோணமலை. எதிர்க்கரையில் ஒரு நல்ல துறைமுகம் இருந்திருந்தால் சஃப்ரென் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார்.

மாருதத்தின் வரலாறு என்று இவள் கொப்பியில் எழுதியிருப்பது நான்கு அரச வம்சம், இரண்டு யுத்தம், ஒரு சாபம். எல்லாம் நாட்டுக்குள்ளேயே நடக்கின்றன. கிழக்குக் கடல் வெறும் நீலம், நடுவில் ஒரு சுறா. நான் சொன்னது ஒன்றுதான்: எதிர்க்கரையை வரை. அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எது இல்லை என்று தீர்மானி. அப்புறம் யுத்தம் எங்கே வரும், எந்த மாதம் வரும் என்பதை நீ யோசிக்கவே தேவையில்லை. தாள் காணாது என்றாள். கடையில் வாங்கலாம் என்றேன்.

ஞாயிறு, கன்னியா, நிலாவெளி

கன்னியாவில் கிணறுகள் ஏழு, சதுரமாகக் கட்டியவை, ஆழம் அதிகம் இல்லை. வாளியால் அள்ளித் தலையில் ஊற்ற வேண்டியதுதான். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். ஒன்று குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம், அடுத்ததில் முதல் வாளிக்குத் தோள் சுருங்குகிறது. இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய வந்தபோது உண்டான ஊற்று என்பது ஐதிகம். இறந்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு இன்றைக்கும் சனம் வருகிறது. அப்படி வந்த ஒரு குடும்பம் ஒரு மூலையில் இருந்தது, அவர்களுக்குப் பக்கத்திலேயே உல்லாசப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கலாம். சொல்லத்தான் யாரும் இல்லை.

மாருதத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதற்காகவே ஒரு எரிமலையும் வைத்திருக்கிறாள். எரிமலையை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். இலங்கையில் எரிமலை கிடையாது, ஆனால் கன்னியா மாதிரி வெந்நீர் ஊற்றுகள் பல இடங்களில் உண்டு. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் போகப் போகப் பூமி சூடு, ஒரு கிலோமீற்றருக்கு 25 பாகை அளவில் ஏறும். சூடான தண்ணீர் வேறொரு பிளவைப் பிடித்துக் குளிர முதல் மேலே வந்துவிட்டால் ஊற்று. இந்தத் தீவின் பாறை மிகப் பழையது. கொண்டுவானா என்ற பெருங்கண்டமாக இருந்தபோது இலங்கை அந்தாட்டிக்காவோடு ஒட்டிக் கிடந்த நிலம். அதை அவள் நம்பவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனில் தேடிப் பார்த்தபிறகுதான் நம்பினாள். எரிமலை மட்டும் போகவில்லை. கதைக்கு வேண்டுமாம்.

பின்னேரம் நிலாவெளி. புறாத்தீவுக்குப் படகில் போகலாம், 2003இலிருந்து தேசியப் பூங்கா, ஆங்கிலேயர் காலத்தில் கடற்படை சுட்டுப் பழகிய தீவு. கரையில் வரிசையைப் பார்த்ததும் வேண்டாம் என்று விட்டோம். பவளப்பாறையில் ஏறி நிற்கிற கூட்டத்தில் நாங்களும் சேர வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக உப்பளப் பக்கம் போனோம். பாத்திகளில் தண்ணீர் வற்றி ஓரங்களில் வெள்ளை கட்டியிருந்தது. மழையில்லாத, காற்று அடிக்கிற, தட்டையான கரை வேண்டும் உப்புக்கு. மாருதத்தில் உப்பு எங்கே விளையும் என்று கேட்டேன். அதைப் பற்றி யோசித்ததே இல்லையாம்.

திங்கள், கிண்ணியா, மூதூர்

பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டினோம். 2009ல் திறந்தது. அதற்கு முதல் இங்கே பாதையில், அதாவது மிதவைப் படகில், வாகனத்தை ஏற்றிக் கடக்க வேண்டும். 2004ல் சுனாமி கிண்ணியாவையும் மூதூரையும் கடுமையாக அடித்தது. பிள்ளை அப்போது பிறக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு வயதான அம்மா தண்ணீர் எதுவரை வந்தது என்று தானாகவே கையைக் காட்டிச் சொன்னார், பிறகு ஒன்றும் பேசவில்லை.

மூதூரில் இறங்கினால் கொட்டியாரக் குடா முழுக்க முன்னால் விரிகிறது, எதிர்ப்பக்கம் சுவாமி மலை ஒரு சின்னப் பல் போலத் தெரிகிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கடலில் சேர்வது இந்தக் குடாவில்தான். இவ்வளவு பெரிய ஆறு மணலைக் கொண்டுவந்து கொட்டுகிற இடத்தில் உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எப்படி இருக்க முடியும்? வகுப்பில் இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்பேன். பதில் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு நானாவிடமிருந்து வந்தது.

"ஆத்துவாய்ப் பக்கம் மணல் திட்டுத்தான் தங்கச்சி. கொஞ்சம் அங்கால போனா கயிறு காணாது. போட்ட கல்லு போய்க்கிட்டே இருக்கும்."

கடலுக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்குக் குடாவின் வாயிலிருந்தே தொடங்கி வெளியே போகிறது. போகப் போக 3,000 மீற்றருக்கும் மேல் ஆழம். ஆற்று மணலில் பெரும்பங்கு அதற்குள் சரிந்து போய்விடுகிறது, குடா தூர்ந்து போகவில்லை. ஆழ்கடல் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதால்தான் நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் திருகோணமலைக் கரையிலிருந்து படகில் போய்ப் பார்க்கிற தூரத்தில் வருகின்றன. நானா தான் பார்த்த ஒன்றின் நீளத்தைத் தன் வள்ளத்தால் அளந்து காட்டினார். இரண்டரை வள்ளம்.

மாருதத்துக்குக் கிழக்கே ஒரு மூழ்கிப்போன கண்டம் இருக்க வேண்டும் என்று இவள் நேற்றிரவுதான் சேர்த்திருந்தாள். அதையும் இங்கேயே பேசித் தீர்க்கலாம் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் மூழ்கிய கண்டத்தைத் தொட்டால் சண்டைக்கு வருகிற ஆட்கள் இருக்கிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன். லெமூரியா என்ற பெயரை 1864ல் வைத்தவர் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற விலங்கியலாளர். மடகஸ்காரில் இருக்கிற லெமூர் என்ற விலங்குகளுக்கு இந்தியாவில் எப்படிச் சொந்தக்காரர் வந்தார்கள் என்று விளக்க ஒரு நிலப்பாலம் அவருக்குத் தேவைப்பட்டது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபிறகு அந்தப் பாலத்துக்கு வேலை இல்லை. அதற்காகக் கடல் நிலத்தை விழுங்கியதே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுமார் 20,000 வருடத்துக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்குநீரிணை பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆழமுள்ள கடல். அப்போது அது முழுக்கத் தரை, மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு நடந்தே போயிருக்கலாம். இந்தக் கிழக்குப் பக்கத்தில் அப்படி இல்லை. 120 மீற்றர் இறக்கினாலும் சுவாமி மலைக்கு முன்னால் கிடைக்கிற நிலம் ஒரு துண்டு விளிம்புதான், உடனே பாதாளம்.

ஆகவே மாருதத்தில் ஆழமான துறைமுகமும் அதே கரையில் மூழ்கிய கண்டமும் சேர்ந்து இருக்க முடியாது. இரண்டில் ஒன்று. பிள்ளை கொஞ்ச நேரம் கடலையே பார்த்துவிட்டு, கண்டத்தை நாட்டின் வடக்குப் பக்கத்துக்கு மாற்றினாள். புத்திசாலி, அங்கே கடலுக்கு இளநீலம் பூசியிருந்தாள்.

ஆற்றிலும் ஒரு பிரச்சினை இருந்தது. மலை நடுவில் ஒரே ஏரியிலிருந்து இரண்டு ஆறு புறப்பட்டு இரண்டு கடலுக்குப் போகின்றன. ஏரி வழிகிறது ஒரு பக்கம்தான், அந்த வாய் அரித்து அரித்து ஆழமாகிவிடும், மற்றது வற்றிவிடும். கடலுக்குக் கிட்டத் தட்டை நிலத்தில் பிரிந்தால் சரி. மகாவலியே அப்படித்தான், ஒரு கிளை வெருகலாறு என்ற பெயரில் பிரிந்து தெற்கே வெருகலில் கடலுக்குப் போகிறது.

மூதூரில் இன்னொரு கதையும் கிடக்கிறது. 1659 கார்த்திகையில் மசூலிப்பட்டினத்துக்கு முன்னால் திறந்த கடலில் நின்ற ஆன் என்ற ஆங்கிலக் கப்பலுக்குப் புயலில் பாய்மரம் போனது. பழுது பார்க்க அடுத்த வருடம் வந்து ஒதுங்கியது இந்தக் கொட்டியாரத்தில். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்டனையும் மகன் ரொபேர்ட் நொக்ஸையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன் 1679 வரைக்கும் கண்டி இராச்சியத்தில் கைதி, தப்பிப் போய் 1681ல் தான் கண்ட இலங்கையைப் புத்தகமாக எழுதினார். எதிர்க்கரையில் ஒதுங்க இடமில்லை என்று சனிக்கிழமை சொன்னேனே, அந்த வில்லங்கத்தில் மாட்டிய இளைஞன் இவர். கப்பற்கொள்ளைக்காரி எப்படி மாருதத்துக்கு வந்து சேர்ந்தாள் என்பதற்கு இவளுக்கு இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது போல. கேட்டால் சொல்கிறாள் இல்லை.

செவ்வாய், ஓர்ஸ் ஹில்

கடைசி நாள் முழுக்க ஒரே வாக்குவாதம். காலையில் சீனக்குடாப் பக்கம் போனபோது தொடங்கியது. அங்கே காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன, நூறளவில். கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியபிறகு ஆங்கிலேயர் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டு போட்டன, ஒரு விமானம் ஒரு தாங்கியிலேயே வந்து விழுந்தது. அதே நாள் மட்டக்களப்புக்கு வெளியே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. ஆங்கிலேயக் கடற்படை இங்கிருந்து போனது 1957ல்.

"இவ்வளவு நல்ல துறைமுகம் இருந்தால் இது ஏன் கொழும்பு மாதிரிப் பெரிய ரவுண் ஆகேல்ல?"

இதுதான் அந்தக் கேள்வி. கொழும்பில் நல்ல இயற்கைத் துறைமுகம் இல்லை. 1875ல் அலைதாங்கி கட்டத் தொடங்கி, பத்து வருடம் கல்லைப் போட்டுக் கடலை அடக்கித்தான் கப்பல் நிற்க இடம் செய்தார்கள். பணம் எங்கிருந்து? மலைநாட்டுக் கோப்பியும் பிறகு தேயிலையும். 1867லேயே கண்டியிலிருந்து கொழும்புக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. திருகோணமலைக்கு ரயில் வந்தது இருபதாம் நூற்றாண்டில். துறைமுகத்துக்குப் பின்னால் இங்கே இருந்தது காய்ந்த காடும் மலேரியாவும், கந்தளாய்க் குளத்தை நம்பிய வயல்களும். ஏற்றி அனுப்ப ஒன்றும் இல்லாத ஊருக்கு எவ்வளவு ஆழம் இருந்தும் என்ன? போர்க்கப்பல்காரர்களுக்குப் பிடித்த இடமாக இருந்தது, வியாபாரிகளுக்கு இல்லை. திருகோணமலை என்ற பெயரில் 1817ல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய ஒரு போர்க்கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹாட்லிபூலில் மிதக்கிறது. வெளிநாட்டில் இந்தப் பெயர் இருக்கிற விதம் அது.

அதனால் மாருதத்தின் தலைநகரைத் துறைமுகத்திலிருந்து எடுத்து, காடு முடிந்து தோடம்பழத் தோட்டம் தொடங்குகிற இடத்துக்கு, ஒரு பெரிய குளத்தருகே மாற்று என்றேன். சோறு விளைகிற இடத்தில் அரசன் இருக்கட்டும்.

பின்னேரம் ஓர்ஸ் ஹில்லில் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு, கீழே உள்துறைமுகத்தையும் சோபர் தீவுகளையும் பார்த்தபடி யோசித்தவள் திடீரென்று கேட்டாள்: "அப்ப உப்பு?"

சரியான இடத்தில் பிடித்துவிட்டாள். கண்டி அரசனுக்கு நடந்தது அதுதான். 1766 ஒப்பந்தத்தில் ஒல்லாந்தர் தீவின் கரையோரம் முழுவதையும் சுற்றிவர எடுத்துக்கொண்டார்கள். உள்ளே நெல் இருந்தது, யானை இருந்தது, உப்புக்கும் கருவாட்டுக்கும் கரையில் இருப்பவனின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. 1815ல் கண்டி விழுந்ததற்குக் காரணங்கள் பல, இப்படிக் கழுத்தைப் பிடித்து வைத்திருந்ததும் அதில் ஒன்று.

உடனே மேசையிலேயே புதுத் தாளை ஒட்டினாள். எதிர்க்கரை வந்துவிட்டது, நேரான மணற்கரை, ஒரு குடாகூட இல்லை, ஐப்பசியில் புயல். அந்தக் கரை அரசுக்கு மாருதத்தின் துறைமுகம் வேண்டும். மாருதத்து அரசன் குளத்தருகே இருக்கிறான், உப்பளம் துறைமுகத்துக்கு வடக்கே, உப்பளத்தைப் பிடித்து வைத்திருப்பது கப்பற்கொள்ளைக்காரி. அளவுத்திட்டமும் போட்டாயிற்று. பாக்கி இருப்பது சுங்கம்தான். வெளிக் கப்பலிடம் வாங்குகிற வரி குளத்தரசனுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் அவனிடம் கடற்படை இருக்காது என்கிறேன் நான். அவன் உப்புக்கு வழி பார்க்கட்டும், பிறகு வரியைப் பற்றிப் பேசலாம் என்கிறாள் அவள். நாளைக்கு விடிய யாழ்ப்பாண பஸ். வவுனியா வரைக்கும் இதையே பேசிக்கொண்டு போவோம் என்று நினைக்கிறேன், இருக்கை கிடைத்தால்.